ஜூன் வரைக்கும் காத்திருக்காதே

தங்கச்சிமடம்
மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் இதைப் பேச முடியவில்லை, அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். தனியாக இருக்கும்போது படி.

குழந்தை இல்லை என்று நேற்று மருமகளை மூன்றாவது தடவையாக மதுரைக்குக் கூட்டிப்போய் வந்தோம். ஸ்கேன், ரத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது. டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடிவிட்டு, "வீட்டுக்காரர் எப்போது வருவார்?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. பஸ் பாம்பன் பாலம் ஏறுகிற வரைக்கும் வாயே திறக்கவில்லை. அம்மா ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாள். தெருவில் எல்லாரும் மருமகளைத்தான் குறை பேசுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

நீ ஒன்பதாவது படித்தபோது, வெயிலில் வலை இழுக்கும்போதுகூட நான் சட்டையைக் கழற்றமாட்டேன். ஞாபகம் இருக்கிறதா? வெயில் சுடுகிறது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். இரண்டு மார்பும் வீங்கி, தொட்டால் வலித்தது. உன் அம்மாவோடு சேர்ந்து படுத்தே வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அந்த வெட்கத்தில் ஒரு நாள் குடியை மொத்தமாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தேன். நாக்கைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

என்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் விதையில் சுரக்கிறது. சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அளவில்லாமல் குடித்தால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. மேலிருந்து உத்தரவு குறைகிறது, கீழே சுரக்கிற செல்களையும் சாராயம் நேராகக் கெடுக்கிறது. அப்புறம் ஈரல். ஆண் உடம்பிலும் கொஞ்சம் பெண் ஹார்மோன் உண்டு, ஈரல்தான் அதைக் கழித்து அனுப்பும். ஈரல் கெட்டால் அது தேங்கிவிடும். இருக்கிற டெஸ்டோஸ்டிரோனிலும் ஒரு பங்கு பெண் ஹார்மோனாக மாறிவிடும். என் மார்பு வீங்கியது அதனால்தான். ஆசை குறைவது, விந்தணு குறைவது எல்லாம் இதோடு சேர்ந்தே வரும்.

குடியை விட்டால் பலருக்குச் சில வாரத்திலேயே ஹார்மோன் ஏறத் தொடங்கும். ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். எனக்குத் திரும்பியது, தம்பி. உனக்கு வயது முப்பத்தொன்றுதான்.

போன தடவை வந்திருந்தபோது, காலையில் காபி டம்ளரைப் பிடித்த உன் கை நடுங்கியதைப் பார்த்தேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தப்பு.

மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. ஒரு விந்தணு உருவாகி முதிர சுமார் 74 நாள் ஆகும். உங்கள் மங்களூர்ப் பக்கம் ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை 61 நாள்தான் தடை. இப்போது நிறுத்தினால், வந்ததும் செய்கிற டெஸ்டில் குடி படாத அணுக்கள் இருக்கும்.

ஆனால் என்னைப் போல வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்திவிடாதே. கை நடுங்குகிறவனுக்கு அது உயிருக்கே ஆபத்து. அங்கேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், தினமும் எவ்வளவு குடிக்கிறாய் என்று மறைக்காமல் சொல். மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் பத்திரமாக நிறுத்தவைப்பார்கள். கூட வேலை பார்க்கிற பையன்கள் ஆண் ஹார்மோன் ஊசி போடச் சொன்னால் கேட்காதே. வெளியிலிருந்து ஏற்றினால் மூளை உத்தரவையே நிறுத்திவிடும், விந்தணு இன்னும் குறையும்.

ஜூனில் வந்ததும் நாம் இரண்டு பேரும் மதுரைக்குப் போவோம். ரத்தம் காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் முதல் நாளே போய்த் தங்கிவிடலாம். விந்து டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் விந்து வெளியேற்றாமல் இருக்கச் சொல்வார்கள்.

இன்றைக்கே மருமகளுக்குப் போன் போடு. டெஸ்டுக்கு வருகிறேன் என்று உன் வாயால் சொல். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம்.

அப்பா