மலேசியா, பத்தாங் பெர்ஜுந்தை ஆற்றங்கரையிலிருந்து

அன்புள்ள கூட்டாளி,

போனில் உன் பேத்தி போட்ட சத்தத்தில் நான் சொன்னதில் பாதி உன் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கால்முட்டிதான் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது. ஊர்ப் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். நமக்கு இன்னும் பெர்ஜுந்தைதான் வாயில் வருகிறது.

மாதம் ஒரு ஞாயிறு நான் ஆற்றில் இறங்குகிறேன். சிரிக்காதே, மீன் பிடிக்க இல்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அதில் வாழும் பூச்சி புழுவை வைத்துப் பார்க்க. கோயில் கமிட்டி ஆட்கள் நாலு பேர், பக்கத்துக் கிராமத்துப் பையன்கள், ஒரு பள்ளி ஆசிரியை. கையில் ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, அவ்வளவுதான். கரையோரக் கல்லைப் புரட்டி, அடிச்சேற்றைக் காலால் கலக்கி, வலையில் சிக்குவதைத் தட்டில் கொட்டிப் பார்ப்போம். மேலே, காட்டுப் பக்கம் இருந்து வரும் ஓடையில் தட்டான் குஞ்சு கிடைத்தது. சேற்று நிறம், ஆறு கால், முட்டைக் கண். தட்டில் நின்று என்னை முறைத்தது. கடைத்தெருச் சாக்கடை விழும் இடத்தில் சிவப்புப் புழு மட்டும்தான், நூல் நூலாய் நெளிந்தது. அதன் உடம்பில் நம் ரத்தத்தில் இருக்கிற மாதிரி ஹீமோகுளோபின் இருக்கிறதாம். அதனால் ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். மற்றது எதுவும் பிழைக்காது என்பதைத்தான் அது நமக்குச் சொல்கிறது.

2020 செப்டம்பரில் நீ வாளியோடு லிஃப்டில் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தண்ணீர் வெட்டுக்கு ஆரம்பம் ரவாங் பக்கம் சுங்கை கோங் என்கிற ஒரு சின்ன ஆறு. அதில் விழுந்த கழிவின் நாற்றம் சிலாங்கூர் ஆற்றோடு இறங்கி வந்து நாலு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வைத்தது. 10 லட்சத்துக்கும் அதிகமான குடிநீர் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. சின்ன ஓடைகளைக் கவனி கவனி என்று நாங்கள் கத்துவது இதற்காகத்தான்.

ஆனால் தொழிற்சாலையைக் கைகாட்டுவது சுலபம், கூட்டாளி. பெரிய சண்டை கோயிலில்தான் நடந்தது. பூசை முடிந்ததும் மாலை, வாழையிலை எல்லாவற்றையும் பாலித்தீன் பையோடு ஆற்றில் விடுவோமே, நாம் இரண்டு பேரும் தோட்டத்து லயன் வீட்டில் இருந்த காலத்திலேயே செய்ததுதான். "பூ மக்கிவிடும், பை மக்குமா?" என்று கமிட்டியில் கேட்டேன். "அது சாங்கியம், நீ என்ன புதுசா?" என்று ஒருத்தர் எழுந்துவிட்டார். மூன்று கூட்டம் போச்சு. கடைசியில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு குழி வெட்டினோம். பூ குழிக்கு, பை குப்பைத் தொட்டிக்கு. பாதிப் பேர்தான் கேட்கிறார்கள். மீதிப் பேர் இருட்டிய பிறகு பையோடு ஆற்றில் விடுகிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு!

ராஜா மூசா காட்டுக்கும் இரண்டு தடவை போனேன். கறுப்புச் சதுப்பு நிலம், தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி. முன்பு வெட்டிய வாய்க்கால் வழியாக நீர் வடிந்து, காய்ந்து, மண்ணே எரிந்த இடம் அது. 2008 முதல் வாய்க்கால்களை அடைத்துக் கன்று நடுகிறார்கள். சட்டை அச்சடித்துப் படம் எடுக்கும் கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் வேலை) எனக்குப் பிடிக்காது. இங்கே படம் எடுக்கக் கை சும்மா இருந்தால்தானே! முழங்கால்வரை சேறு.

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க உன்னைச் சம்பான் படகில் ஏற்றியது எந்த வருசம்? அதன் குஞ்சு கரைச் சேற்று நத்தையைத் தின்று வளருமாம். வளர்ந்ததும் ஆற்றோரப் பெரெம்பாங் மரத்தில் ஏறி மினுக்குமாம். கரையை மழித்தால் இரண்டும் போச்சு.

தீபாவளிக்கு வரும்போது பழைய ரப்பர் பூட்ஸ் இருந்தால் எடுத்து வா. எட்டாம் நம்பர். உன் பேத்திக்குத் தட்டான் குஞ்சு காட்டுகிறேன், கடிக்காது.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி