மருத்துவச் செலவும் வரிப்பணமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உழைத்து வரி கட்டுபவரின் பணத்தில் பிறருக்கு ஏன் மருத்துவம் பார்க்க வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. அதைக் கேட்பவர்கள், ஏழை எளியோர் வரியே கட்டுவதில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். வாங்கும் பொருள்களில் மறைமுக வரி அடங்கியிருக்க, கைக்கு வருவதையெல்லாம் செலவழித்தே வாழும் குடும்பங்கள் தம் வருமானத்தின் விகிதத்தில் அதிகமாகவே அதைச் செலுத்துகின்றன.

நோய் யாரை, எப்போது தாக்கும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது என்பதாலும், ஏற்கெனவே நோயுற்றவரைச் சேர்த்துக்கொள்வதில் தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆதாயம் இல்லை என்பதாலும், இச்சுமையை எல்லோரும் சேர்ந்து தாங்குவதே நடைமுறைக்கு உகந்த வழி. ஜெர்மனியில் 1883-இல் தொழிலாளர்களுக்குக் கட்டாய மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்த அந்நாட்டின் அன்றைய தலைமை அமைச்சர் பிஸ்மார்க் இடதுசாரி அல்லர் என்பதையும் நினைவூட்டலாம். பிரிட்டன் 1948-இல், இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற கடனுக்கு நடுவே, வரிப்பணத்தில் இயங்கும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது; தாய்லாந்து 2002-இல், பணக்கார நாடாகும்வரை காத்திராமல், அனைவருக்கும் மருத்துவப் பாதுகாப்பை விரிவாக்கியது. மாறாக, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடும் அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவர்கள் இரண்டு கோடிக்கும் மேல்.

நீண்ட காத்திருப்பு, நிர்வாக விரயம் ஆகிய குறைகள் பொதுத் திட்டங்களில் உண்டு. அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வரி கூடாது என்று வாதிடுவதைக் காட்டிலும், அந்த வரி யாரிடமிருந்து வசூலிக்கப்படுகிறது என்பதையும், மறைமுக வரிகளை மேலும் உயர்த்தாமல் வசதி படைத்தோரின் வருமானத்திலிருந்தும் சொத்திலிருந்தும் அதைத் திரட்ட முடியுமா என்பதையும் நம் சட்டமன்றங்கள் விவாதிப்பது பயனுள்ளதாக இருக்கும்.