அந்தத் தொண்ணூறு வரியை வெட்டாதீர்கள்

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை மேடையேற்றும் இயக்குநர்களுக்கும், பிரதியைச் சுருக்கித் தருபவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த முறையும் அதே இடத்தில்தான் கத்தரி விழுந்திருக்கிறது. சதிகாரர்கள் குத்திக் கொன்ற சீசரின் உடலைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கிளம்புகிறது. இனி நடப்பது நடக்கட்டும் என்கிறான் சீசரின் நண்பன் ஆண்டனி. கைதட்டல், இடைவேளை. திரும்பி வந்து உட்கார்ந்தால் நேரே சார்டிஸில், சதிகாரர்களில் முதன்மையான புரூட்டஸின் பாசறை. நடுவில் இருந்த இரண்டு காட்சிகளைக் காணோம்: மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சியும், நான்காம் அங்கத்தின் முதல் காட்சியும்.

நேரம் இல்லை என்பீர்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 90 வரி. நிதானமாகப் பேசினாலும் ஆறேழு நிமிடத்துக்கு மேல் போகாது. அந்த ஆறேழு நிமிடம் போனால் என்ன போகிறது என்று தயவுசெய்து கேளுங்கள்.

சீசரின் உயிலை எடுத்துக்கொள்வோம். ஆண்டனி அதைக் காட்டுகிறான், படிக்க மாட்டேன் என்கிறான், கூட்டத்தைக் கெஞ்ச வைக்கிறான், கடைசியில்தான் சொல்கிறான்: ரோமானியக் குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 டிராக்மா, டைபர் கரையில் சீசருடைய தோட்டங்கள் எல்லாம் மக்களுக்கு. ஊர் பற்றி எரிகிறது. அடுத்து அவனைப் பார்க்கும்போது, ஆட்சியைப் பிடிக்கக் கூட்டுச் சேர்ந்த ஆக்டேவியஸோடும் லெபிடஸோடும் உட்கார்ந்து சாக வேண்டியவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். லெபிடஸ் தன் உடன்பிறந்தவனை விட்டுக்கொடுக்கிறான். பதிலுக்கு ஆண்டனி தன் சகோதரி மகன் பெயருக்கு ஒரு புள்ளி வைக்கிறான். அவ்வளவுதான், அவன் செத்தான். புள்ளி வைத்த கையோடு, சீசர் வீட்டுக்குப் போய் அந்த உயிலை எடுத்து வா என்று லெபிடஸை அனுப்புகிறான். எதற்கு? மக்களுக்குக் கொடுக்க வேண்டியதில் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்க. லெபிடஸ் வாசலைத் தாண்டியதும், இவன் ஏவலுக்குத்தான் லாயக்கு, பொன் சுமக்கும் கழுதை என்கிறான்.

இதை வெட்டினால், பதவி ஆசை என்ற குற்றச்சாட்டு செத்துப்போன சீசர் தலையோடு நின்றுவிடுகிறது. ஆண்டனி கண்ணீர் விட்ட நண்பனாகவே மிஞ்சுகிறான். வரலாற்றில் சீசர் கொலை கி.மு. 44 மார்ச்சில், கொலைப்பட்டியல் வந்தது கி.மு. 43 இறுதியில். ஏறக்குறைய இருபது மாத இடைவெளியை ஷேக்ஸ்பியர் ஒரே ஒரு சின்னக் காட்சியால் தாண்டுகிறார். மூன்றாம் அங்கத்தின் அந்தக் கடைசிக் காட்சியில்தான் கவிஞன் சின்னா கூட்டத்தின் கையில் சாகிறான். சதிகாரர்களில் ஒருவனுக்கும் அதே பெயர். அது ஒன்றுதான் அவன் குற்றம். நான் அந்தச் சின்னா இல்லை, கவிஞன் என்று கதறுகிறான். அப்படியானால் மோசமான கவிதைக்காகக் கிழியுங்கள் என்கிறது கூட்டம். 1937இல் நியூயார்க்கில் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் மேடையேற்றியபோது பார்த்தவர்களை உலுக்கியது இந்தக் காட்சிதான்.

ஆள் போதவில்லை என்றும் சொல்வீர்கள். கவிஞனோடு கூட்டத்துக்கு நான்கு பேர் போதும். முந்தைய காட்சியின் ஆட்களே, உடைகூட மாற்ற வேண்டாம். பட்டியல் காட்சிக்கு மூன்று நடிகர்கள், ஒரு மேசை, ஒரு தாள், ஒரு எழுதுகோல். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. ஆளைக் குறைக்கும்போது நீங்கள் முதலில் தூக்குவது சதிகாரன் சின்னாவை. அவன் வசனத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டால், பின்னால் கவிஞன் ஏன் சாகிறான் என்றே புரியாது. முதல் அங்கத்தில் சதியைத் தொடங்கிய காசியஸ் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, புரூட்டஸின் ஜன்னலில் எறியச் சொல்லிக் கடிதம் கொடுக்கும் இடத்தைத் தொடவே தொடாதீர்கள்.

நேரம்தான் வேண்டுமென்றால் ஐந்தாம் அங்கத்துப் போர்களில் எடுங்கள். புரூட்டஸின் மனைவி போர்ஷியாவின் சாவு அவன் கூடாரத்தில் இரண்டு தடவை சொல்லப்படுகிறது, ஒன்றை எடுங்கள். ஆனால் அதோடு சேர்த்து, செனட்டர்கள் 70 பேர் செத்தார்கள், இல்லை 100 பேர், பேச்சாளர் சிசரோவும் போய்விட்டார் என்று வரும் பேச்சை வாரிக்கொண்டு போகாதீர்கள். பட்டியல் காட்சி இல்லாத மேடையில் அந்த எண்கள் யாருடைய கணக்கு என்றே தெரியாமல் காற்றில் போகின்றன.

சுவரொட்டியில் 'நீயுமா புரூட்டஸ்', விளம்பரத்தில் 'நட்பின் துரோகம்'. எத்தனை வருடமாக இதையே பார்ப்பது? சீசரைக் குத்தியதோடு எல்லாம் முடிந்தது என்று நம்பியவர்கள் அந்தச் சதிகாரர்கள். ஆண்டனியை விட்டுவைத்ததும், அவனை மேடையேறிப் பேச விட்டதும் அந்த நம்பிக்கையில்தான். பிரதியை முழுக்கப் படித்த நீங்களும் அப்படி நம்பலாமா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றே. அந்த இரண்டு காட்சிகளையும் திரும்பச் சேருங்கள். சின்னாவின் சாவோடு முதல் பாதியை முடியுங்கள், அந்த மேசையோடு இரண்டாம் பாதியைத் தொடங்குங்கள். ஆண்டனி புள்ளி வைக்கும்போது பின்னணி இசை வேண்டாம். எழுதுகோல் தாளில் படும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கட்டும்.

இப்படிக்கு,
பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நாடகம் பார்க்க வருபவர்கள்