விளையாட்டு நிரல் ஏன் நின்றுபோகிறது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் என்ற நிரல்மொழி பாடமாக வந்தபின், பாடப்புத்தகத்தோடு நின்றுவிடாமல் பைகேம் என்ற, பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் தொகுப்பைக் கொண்டு சிறு விளையாட்டுகளைத் தாமே எழுதிப் பார்க்கும் ஆர்வத்தை என் மாலை வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் காண்கிறேன். அந்த ஆர்வம் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதால் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு மாணவி, பந்து துள்ளும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாள். பந்து அசையாமல் நின்றது. மௌஸை அசைத்தால் மட்டும் நகர்ந்தது. கையை எடுத்ததும் மறுபடி நின்றுவிட்டது. "மௌஸ் ரிப்பேரா சார்?" என்று கேட்டாள். இரண்டு நாள் போராடி, முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்தும் பார்த்திருக்கிறாள். பிழை வெறும் நான்கு இடைவெளிகளில் இருந்தது. பைத்தானில் ஒரு வரி எதற்குள் அடங்கும் என்பதை அதன் முன்னுள்ள இடைவெளியே முடிவுசெய்கிறது. பந்தை நகர்த்தும் வரியும் திரையைப் புதுப்பிக்கும் 'ஃபிளிப்' வரியும், மௌஸ் அசைவு, விசை அழுத்தம் போன்ற நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் 'ஃபார்' மடக்குக்குள் (திரும்பத் திரும்பச் சுற்றும் வரிகளுக்குள்) உள்தள்ளி நின்றன. யாரும் எதையும் தொடாதபோது நிகழ்வு வராது. நிகழ்வு வராவிட்டால் அந்த மடக்கு ஒரு முறைகூடச் சுற்றாது. அவ்வரிகளை ஒரு படி இடப்பக்கம் தள்ளி, வெளியே உள்ள 'வைல்' மடக்கில் சேர்த்ததும் பந்து தானே ஓடியது. கண்மண் தெரியாமல் ஓடிய அதை, வினாடிக்கு 60 சுற்று என்று 'கிளாக் டிக்' வரியால் கட்டுப்படுத்தினோம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

தொடர்பெருக்கம் காண்பது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்வது போன்ற செய்முறைப் பயிற்சிகளில் நிரல் மேலிருந்து கீழே ஓடி முடிந்துவிடும். 'இன்புட்' என்றால் நமக்காகக் காத்திருக்கும். விளையாட்டு நிரல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. என்ன நடந்தது என்று கேட்டு, நிலையை மாற்றி, திரையை வரைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. அதைவிட, இத்தகைய பிழைகளுக்குச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எதுவும் வராது என்பதுதான் மாணவர்களைத் திகைக்க வைக்கிறது. செய்தி வரவில்லையென்றால் நிரல் சரி என்றே அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

சாளரத்தை மூடுவதற்கு, நிகழ்வுகளைக் கேட்டு வாங்கும் 'ஈவென்ட் கெட்' ஒன்று, விசைகளுக்கு இன்னொன்று என்று ஒரே சுற்றில் இருமுறை எழுதும் பிழையும் அப்படிப்பட்டதே. முதல் அழைப்பே காத்திருக்கும் நிகழ்வுகளின் வரிசையைக் காலிசெய்துவிடுவதால், அம்புக்குறி சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது; விசைப்பலகைமேல் பழி விழும். ஆட்டம் முடிந்ததென்று காட்ட 'ஸ்லீப்' போட்டுப் பத்து வினாடி உறங்கவைத்தால், நிகழ்வுகளைக் கேட்க ஆளின்றிச் சாளரமே உறைந்துவிடும். சாளரமும் பொத்தானும் அமைக்க உதவும் டிகின்டர் தொகுப்பில், பொத்தானை அழுத்தினால் ஓட வேண்டிய செயற்கூற்றின் பெயரை மட்டும் தராமல் அடைப்புக்குறியும் சேர்த்து எழுதினால், யாரும் அழுத்தும் முன்பே அது ஓடி முடிந்துவிடும்.

இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நிகழ்வு மடக்குக்குள் 'பிரின்ட் ஈவென்ட்' என ஒரு வரி சேர்த்து, மௌஸை அசைத்தும் அசைக்காமலும் பார்த்தால் போதும். எந்த வரி எப்போது ஓடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். செய்முறை வகுப்புகளில் சரியான நிரலைப் பார்த்து எழுத வைப்பதோடு, வேண்டுமென்றே ஒரு வரியை இடம் மாற்றிய நிரலையும் கொடுத்துப் பிழையைத் தேட வைக்குமாறு சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த மாணவி பார்த்து எழுதிய ஜெராக்ஸ் குறிப்பிலேயே இடைவெளிகள் கலைந்திருந்தன. மாணவர் பகுதியில் பைத்தான் நிரல் வெளியிட நேர்ந்தால், பத்தி அகலத்துக்காக வரிகளை மடிக்காமல், உள்தள்ளல் மாறாமல் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.