நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்காத தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நாலு வருஷம் முடிந்ததும் ராணுவத்தில் நிரந்தரமாகத் தொடர விண்ணப்பிக்கவில்லை என்ற உன் முடிவு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. யூனிட், ஊர் எதையும் இங்கே எழுதவும் மாட்டேன். நாலு பேர் படிக்கிற இடம்.

2022 ஜூனில், நாலு வருஷத்துக்கு மட்டும் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தின் அறிவிப்பு வந்தபோது உனக்கு 22. இரண்டு வருஷம் ஆள் எடுக்காததால், அந்த ஒரு முறைக்கு மட்டும் வயது வரம்பு 21இலிருந்து 23 ஆனது. "இதை விட்டால் அவ்வளவுதான்" என்று உன்னைத் தள்ளியது நான். கணக்குப் போட்டுக் காட்டியதும் நான்: முதல் வருஷம் மாதம் 30,000, அதில் 30 சதவீதம் பிடித்தம் போக கைக்கு 21,000. பிடித்த அளவு அரசும் போடும். நாலு வருஷத்தில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லை என்பதைக் கடைசி வரியில் எழுதினேன். மன்னித்துவிடு. ஆனால் அன்றைக்கு வீடு இருந்த நிலையில் வேறு என்ன வழி, நீயே சொல்.

ஆளெடுப்பு ஓட்டத்துக்கு நீ பழகிய மைதானம்தான் கண்ணிலேயே நிற்கிறது. 1.6 கிலோமீட்டர், 400 மீட்டரில் நாலு சுற்று. ஐந்தரை நிமிஷத்துக்குள் வந்தால் 60 மார்க், ஒரு செகண்ட் பிந்தினால் 48. சுற்றுக்கு 82 செகண்ட் பிடித்தால் 5:28. மற்ற பையன்கள் முதல் சுற்றை 72இல் ஓடிவிட்டு மூன்றாவதில் தொடை இறுகி நிற்பார்கள். நீ 82, 82 என்று வருவாய். ஒரு நாள் பக்கத்தில் ஓடியவன் தடுமாற, அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாய். 5:41. "பன்னிரண்டு மார்க் போச்சேடா" என்று எல்லார் முன்னாலும் திட்டினேன்.

ராணுவத்தில் பத்துப் பேர் கொண்ட சிறு அணியான செக்‌ஷன் நிற்பது அந்தப் பிடியில்தான். நாலு வருஷம் முடிந்ததும் நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம் என்றால், பக்கத்துக் கட்டிலில் படுப்பவனைப் போட்டியாகப் பார்க்கச் சொல்வதுதானே? படையின் சராசரி வயது நாலைந்து வருஷம் குறையும் என்கிறார்கள். பனிமலைக்கு இளம் உடம்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆளெடுக்கும் விதி ஊரையும் மாற்றும். 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பின் ஆங்கிலேயர், சில இனத்தாரே சண்டைக்குப் பிறந்த 'போர்க்குலம்' என்று பஞ்சாப் பக்கம் சாய்ந்து மதராஸ் ஆட்களைக் குறைத்தார்கள். படைக்குப் போகும் பழக்கமே இங்கே பல குடும்பங்களில் தேய்ந்தது. பதினைந்து வருஷ சர்வீஸும் பென்ஷனும் இல்லையென்றால் அடுத்த வீட்டுப் பையனை யார் அனுப்புவார்கள்?

துணை ராணுவத்துக்கு எழுது. நாலு வருஷம் முடித்த அக்னிபத் வீரர்களில் முதல் பேட்ச்சுக்கு வயதில் 5 வருஷத் தளர்வு உண்டு, அடுத்தவர்களுக்கு 3தான். ஓட்டத் தேர்வும் கிடையாது. பணியில் கற்ற திறமைக்கு ராணுவம் தரும் திறன் சான்றிதழைக் கையில் வாங்காமல் கிளம்பாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபமாகவே கேட்கிறேன். இந்த முறையும் எவனுக்காவது இடம் விட்டுத்தான் ஒதுங்கினாயா?

அண்ணன்