நம் பிள்ளைகள் யாரை ‘நீ’ என்கிறார்கள்?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் நம் அடுக்ககத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மாலை பி பிளாக் மாடிப்படிக்குக் கீழே நாலைந்து பிள்ளைகள் செப்புச் சாமானைப் பரப்பி வீட்டு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அம்மா, ஒருவன் அப்பா, ஒருத்தி வேலைக்கு வரும் அக்கா. அம்மாவாக இருந்தவள் எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். அக்காவுக்கு மட்டும் ஓரமாக வைத்திருந்த ஒரு டம்ளரை எடுத்து, "நீ கீழ உக்காந்து குடி, குடிச்சிட்டுக் கழுவி அங்கயே வை" என்றாள். அவளுக்கு ஐந்து வயது. அவள் என் மகள்.

எங்கள் வீட்டில் பால்கனி ஜன்னல் திட்டில் அப்படி ஒரு டம்ளர் உண்டு. வைத்தது நான்தான், வேறு யாரையும் கைகாட்ட முடியாது. அன்றைக்கு ராத்திரி அவளை உட்காரவைத்துக் கண்டித்தேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. "அக்காவுக்கு அதுதானே டம்ளர்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் 72 பேரை வைத்துச் செய்த சோதனை 1961இல் வெளிவந்தது. சில பிள்ளைகளின் கண்முன் ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தி, சுத்தியால் அடித்து, திட்டவும் செய்தார். பிற்பாடு பொம்மையோடு விட்டபோது அந்தப் பிள்ளைகளில் பலர் அதே மாதிரி அடித்தார்கள், அவர் சொன்ன அதே வார்த்தைகளையும் சொன்னார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. எனக்குத் தூக்கம் போனது 1965இல் வந்த அவருடைய அடுத்த சோதனையால். அதில் பிள்ளைகள் பார்த்தது ஒரு படம். பொம்மையை அடித்தவர் கடைசியில் தண்டனை வாங்குவதைப் பார்த்த பிள்ளைகள் அவரைப் போலச் செய்தது குறைவு. ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்று சொன்னதும் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. எல்லாம் உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. நான் கண்டித்ததால் என் மகள் இனி என் முன்னால் அப்படி விளையாடாமல் இருக்கலாம், அவ்வளவுதான், கற்றது கற்றதுதான்.

அப்புறம் இன்னொன்று. 2005இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு பெட்டியைத் திறக்கும் விதத்தைச் சிம்பன்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் காட்டினார்கள், நடுவே தேவையே இல்லாத சில வேலைகளையும் சேர்த்து. பெட்டி கண்ணாடி போல உள்ளே தெரிந்தபோது சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டன. குழந்தைகள் அதையும் சேர்த்தே செய்தார்கள். டம்ளர் ஏன் தனி என்று என் மகளுக்குத் தெரியாது. பெரியவர்கள் செய்கிறார்கள், காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

நம் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். தர்மபுரியிலிருந்து வந்து இங்கே நாலு வீடு பெருக்கித் துடைக்கும், நம் அம்மா வயதுள்ள பெண்ணை, ஆறு வயதுப் பையன் ‘நீ’ என்கிறான். அதே பையன் டியூஷன் டீச்சரை ‘நீங்க’ என்கிறான். இந்தி பேசும்போது மிஸ்ஸுக்கு ‘ஆப்’, அசாமிலிருந்து வந்த வாட்ச்மேன் அண்ணனுக்கு ‘தூ’. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை. இரண்டு மொழியிலும் யாருக்கு எவ்வளவு மரியாதை என்ற கணக்கை அவன் நம் வாயிலிருந்துதான் எடுத்திருக்கிறான்.

திங்கட்கிழமை அந்த டம்ளரை அங்கிருந்து எடுத்துவிட்டேன். அக்கா வந்ததும் "என் டம்ளர் எங்கம்மா?" என்று தேடினார். நாங்கள் குடிக்கும் டம்ளரில் கொடுத்தேன், நாற்காலியில் உட்காரச் சொன்னேன். வாங்கிக்கொண்டு தரையில்தான் உட்கார்ந்தார். வியாழக்கிழமை வரைக்கும் அப்படித்தான், எத்தனை வீடு எத்தனை வருஷம் அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறதோ. நானும் அவரோடு தரையில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்திருக்கிறேன். என் மகள் இப்போது எங்கள் நடுவில் வந்து உட்காருகிறாள்.

உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். வேலைக்கு வருகிறவர்களையும் வாட்ச்மேன்களையும் பிள்ளைகள் காதுபட ‘நீங்க’ என்று கூப்பிடுங்கள், முதலில் கூச்சமாக இருந்தாலும் சரி. இரண்டாவது, லிஃப்ட் வாசலில் ‘வேலையாட்கள் சர்வீஸ் லிஃப்டில் மட்டும்’ என்று மாட்டியிருக்கும் பலகை. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கும் நம் பிள்ளைகள் தினமும் ஸ்கூல் வேனுக்காக இறங்கும்போது அதைத்தான் படிக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்லிச் சங்கக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். ஒருத்தி கேட்டால் தள்ளிவிடுவார்கள், பத்துக் குடும்பம் சேர்ந்து எழுந்தால் அப்படித் தள்ளிவிட முடியாது.

சனிக்கிழமை ஏழு மணிக்குக் கிளப் ஹவுஸில் கூட்டம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பி பிளாக்கிலிருந்து ஓர் அம்மா