பந்து முதலில், மண் அப்புறம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் கோல்ஃப் பழகுவது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நம்ம ஊர்ப் பத்திரிகையில் கோல்ஃபா என்று ஆசையாகத்தான் படித்தேன். நடுவில் ஒரு வரி வந்தது பாருங்கள்: தரையில் கிடக்கும் பந்தை உயரக் கிளப்ப, மட்டையை அதற்கு அடியில் நுழைத்துத் தூக்கிவிட வேண்டுமாம். இது தப்பு. சின்னத் தப்பு என்றால் விட்டிருப்பேன், புதிதாகப் பழகுகிறவர் இதை நம்பினால் ஒரு வருடம் மண்ணைத்தான் வெட்டிக்கொண்டிருப்பார்.

நான் ஆட்டக்காரன் இல்லை. துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 11 வருடம் புல் பராமரிக்கும் வேலை பார்த்தவன். காலையில் முதல் வேலையே முந்தின நாள் ஆடியவர்கள் புல்லோடு பெயர்த்துப் போட்ட குழிகளில் மணல் நிரப்புவதுதான், டிவட் என்பார்கள். வேலை இல்லாத நேரத்தில் பயிற்சித் திடல் ஓரமாக நின்று கவனிப்பேன். நன்றாக ஆடுகிறவருக்குப் பந்து இருந்த இடத்தில்தான் குழி தொடங்கும், அங்கிருந்து முன்னால் போகும், ஆழமும் இராது, சீவி எடுத்த மாதிரி. வார இறுதியில் மட்டும் வருகிற முதலாளிமாருக்கோ ஒரு சாண் பின்னாலேயே தொடங்கிவிடும், அதுவும் சேனைக்கிழங்கு தோண்டின குழி மாதிரி.

மட்டையின் முகமே சாய்வாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. அயர்ன் என்கிற இரும்புத் தலை மட்டைகளில் ஏழாம் நம்பர் என்றால் சுமார் 30 டிகிரி. தூக்கும் வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். மட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தில் பட வேண்டும், அது வளைந்து வருகிற வழியில் ஆகத் தாழ்ந்த இடம் பந்தைத் தாண்டி மூன்று நான்கு அங்குலம் முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிட்டிப்புள் ஆடினவர்களுக்கு இது அதிசயமே இல்லை. குழியிலிருந்து நெம்புவதெல்லாம் ஆட்டம் தொடங்க மட்டும்தான், அப்புறம் கூர்முனையில் மேலிருந்து தட்டினால்தானே புள் எம்பும்? (கணக்கு வேறுதான், ஆனாலும் கைக்கு விஷயம் புரிந்துவிடும்.)

தூக்க நினைத்தவுடன் உடம்பு பின்காலில் சாய்ந்துவிடும். ஒன்று, மட்டை முதலில் மண்ணில் குத்தி, பந்துக்கும் மட்டைக்கும் நடுவில் புல்லும் மண்ணும் மாட்டி, பந்து பக்கத்திலேயே செத்து விழும். இல்லாவிட்டால் மட்டை மேலேறும் நேரத்தில் பந்தின் நடுவில் பட்டு, பந்து தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு ஓடும்.

ஊருக்கு வந்தபின் அக்கா மகனுக்கு இதைச் சொத்தவிளை கடற்கரையில் வைத்துத்தான் பழக்கினேன். அலை வந்து போன ஈர மணலில் குதிகாலால் ஒரு கோடு, பந்தே கிடையாது. கோடுதான் பந்து என்று நினைத்து வீச வேண்டும், மணலில் விழும் தழும்பு கோட்டில் தொடங்கி முன்னால் போக வேண்டும். முதல் நாள் ஒரு இருபது தடவை வீசியிருப்பான், “மாமா, எல்லாம் கோட்டுக்குப் பொறத்தாலத்தான் கெடக்கு” என்று மட்டையைக் கீழே போட்டுவிட்டான். வலக்கைக்காரன், அதனால் எடையில் பாதிக்கு மேல் தொடக்கத்திலேயே இடது காலில் வைக்கச் சொன்னேன், அடி விழும்போது கைகள் பந்தைவிட முன்னால் இருக்க வேண்டும், கடைசி நேரத்தில் மணிக்கட்டால் நெம்பக் கூடாது என்றேன். மூன்றாவது வாரம்தான் தழும்பு சரியான இடத்துக்கு வந்தது. அப்புறம் பந்து கொடுத்தேன், அறுப்பு முடிந்து ஆள் நடமாட்டம் இல்லாத வயலில். பந்துக்கு ஒரு சாண் பின்னால் துவர்த்தை, அதாவது துண்டை, மடித்துப் போட்டு, அதில் படாமல் அடி என்றேன். துவர்த்து பறந்தால் பழைய நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

கட்டுரை எழுதியவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. பங்கர் என்கிற மணல் குழிக்குள் பந்து விழுந்தால், அங்கே பந்துக்குப் பின்னால் மணலில்தான் அடிக்க வேண்டும், மணல்தான் பந்தை வெளியே கொண்டு போடும். டீ என்கிற சின்னக் குச்சியின் மேல் பந்தை வைத்து, டிரைவர் என்கிற நீள மட்டையால் அடிக்கும்போதும் மட்டை லேசாக மேலேறுகையில் பட்டால் தூரம் கூடும். டிவியில் அதைப் பார்த்துவிட்டு எல்லா அடிக்கும் பொதுவாக எழுதிவிட்டார் போல.

அடுத்த ஞாயிறு இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். படமும் போடுவதாக இருந்தால், மட்டையைத் தோளுக்கு மேல் ஏற்றிக்கொண்டு நிற்கிற படம் வேண்டாம், பந்து போன பிறகு தரையில் கிடக்கிற குழியை எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராஜாக்கமங்கலம், கன்னியாகுமரி மாவட்டம்